கப்பலில் வந்த காரா, ஊரில் பூட்டிய காரா? — வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கேள்விகளில் முக்கால்வாசி ஒரே விஷயத்தைச் சுற்றித்தான். இம்போர்ட்டட் வண்டிக்குக் கொடுக்கிற காசு தகுமா, நம் ஊரில் செய்த வண்டியே போதுமா? ஆறு கேள்விகளை எடுத்துக்கொண்டேன். கோவையில் பட்டறை வைத்திருக்கிறவன் என்பதால் என் பார்வை கொஞ்சம் ஸ்பேனர் பிடிக்கிறவன் பார்வையாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பனியன் தொழிலில் இருக்கிறேன். ஜெர்மனியிலிருந்து முழுசாக இறக்குமதியாகிற ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ மீது சின்ன வயதிலிருந்தே ஆசை. 2025 மே மாதம் அறிமுகமானபோது எக்ஸ் ஷோரூம் 53 லட்சம் என்றார்கள். அப்பாவோ "இருபது லட்சத்துக்கு இங்கே செய்த அதே கம்பெனி வண்டி இருக்கே" என்கிறார். யார் சொல்வது சரி?
— வாசகர், திருப்பூர்

இரண்டு பேரும் சரிதான், ஆனால் அப்பாவிடம் கணக்கு இருக்கிறது. முதலில் கணக்கைப் பார்ப்போம். ஒரு வண்டி சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கும்போது, கப்பல் கூலியும் காப்பீடும் சேர்த்து, 20 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இது உதாரணத்துக்குச் சொல்கிற தொகை, கோல்ஃபின் உண்மையான இறக்குமதி விலை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 40,000 டாலருக்குக் கீழே உள்ள வண்டி என்றால் சுங்கவரி 70 சதவீதம். 14 லட்சம் ஏறி 34 ஆகிறது. அந்த 34-க்கு மேல்தான் ஜிஎஸ்டி, வரிக்கும் சேர்த்து வரி. 2025 செப்டம்பர் 22-க்கு அப்புறம் பெரிய எஞ்சின் வண்டிக்கு 40 சதவீதம், அதாவது 13.6 லட்சம். ஆக 47.6 லட்சம். ஷோரூம்காரர் லாபம் இன்னும் சேரவில்லை. தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு லைஃப் டாக்ஸ் 20 சதவீதம், அது ஏறத்தாழ ஒன்பதரை லட்சம். 20 லட்ச ரூபாய் வண்டியை வாங்க 37 லட்சம் வரி கட்டியிருக்கிறீர்கள்! உங்கள் வீட்டு வாசலில் நிற்பதில் மூன்றில் ஒரு பங்குதான் கார், மீதி மூன்றில் இரண்டு பங்கு ரசீது. 40,000 டாலரைத் தாண்டிய வண்டி என்றால் சுங்கம் மட்டுமே 110 சதவீதம், அந்தக் கணக்கை நான் போட்டுக்காட்டவில்லை, மனசு கேட்காது.

இதே 20 லட்ச மதிப்பு வண்டி பெட்டி பெட்டியாக, எஞ்சினும் கியர் பாக்ஸும் பூட்டாத நிலையில் வந்து இங்கே பூட்டப்பட்டால் அடிப்படை சுங்கவரி 15 சதவீதம்தான். எஞ்சினோ கியர் பாக்ஸோ பூட்டியே வந்தால் 35. பதினைந்து என்றே வைத்தால் 23 லட்சம், ஜிஎஸ்டி சேர்த்து 32 லட்சத்துச் சொச்சம். பூட்டுகிற கூலி ஒரு பக்கம் இருக்கட்டும், அதே இரும்பு அதே பிளாஸ்டிக்குக்குப் பதினைந்து லட்சம் வித்தியாசம் வருகிறது பாருங்கள்.

கோல்ஃப் ஜிடிஐ நல்ல வண்டி, அதில் சந்தேகமே இல்லை. இரண்டு லிட்டர் டர்போ, 265 குதிரைத்திறன், மிதித்தால் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும். அப்பா சொல்கிற வண்டி புனே பக்கம் சாக்கனில் செய்கிற வெர்ட்டஸ் என்று நினைக்கிறேன். ஒன்றரை லிட்டர் டர்போ, 150 குதிரைத்திறன், திருப்பூர்–கோவை ரோட்டில் அதற்கு மேல் எங்கே ஓட்டப்போகிறீர்கள்? ஆனால் ஆசைக்குக் கணக்கு கிடையாது என்பதும் எனக்குத் தெரியும். ஓட்டுகிற சுகத்துக்காகவே, பத்து வருஷம் விற்காமல் வைத்திருக்கப்போகிறீர்கள் என்றால் வாங்குங்கள். மூன்று வருஷத்தில் மாற்றுகிற பழக்கம் இருந்தால் வேண்டாம். கட்டிய வரியை யாரும் திருப்பித் தரமாட்டார்கள், செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவன் காருக்குத்தான் விலை பேசுவான், உங்கள் ரசீதுக்கு அல்ல. எண்ணிக்கை குறைவாக வந்த வண்டி என்பதால் பிரியர்கள் யாராவது நல்ல விலைக்கு எடுக்கலாம், அதை நம்பிப் பணம் போடாதீர்கள்.

கேள்வி: என் மாமனார் "இந்தியக் கம்பெனி வண்டிதான் வாங்கணும், மாருதியும் ஹூண்டாயும் ஃபாரின்" என்கிறார். எது உள்நாட்டு வண்டி, எது வெளிநாட்டு வண்டி?
— வாசகி, மதுரை

மாமனாரிடம் இந்தப் பதிலைக் காட்டும்போது நான் சொன்னதாகச் சொல்லாதீர்கள்.

மாருதியில் பாதிக்கு மேல் பங்கு ஜப்பானின் சுசுகியிடம் இருக்கிறது, நம் அரசு தன் கடைசிப் பங்கை 2007-லேயே விற்றுவிட்டு வெளியே வந்துவிட்டது. அந்த வகையில் அவர் சொல்வது உண்மை. ஆனால் வண்டி குருகிராமிலும் குஜராத்திலும் உருவாகிறது. ஹூண்டாய் கொரியக் கம்பெனி, சான்ட்ரோவை 1998-லிருந்து இருங்காட்டுக்கோட்டையில் செய்ய ஆரம்பித்தது, அந்த ஒரு ஆலையை நம்பி ஸ்ரீபெரும்புதூரைச் சுற்றி எத்தனை உதிரிபாகக் கம்பெனிகள், எத்தனை ஷிப்ட் பஸ்கள்! மறுபக்கம் டாடா சுத்தமான இந்தியக் கம்பெனி, 2008-லிருந்து லேண்ட் ரோவரும் ஜாகுவாரும் அவர்களுடையதுதான், ஆனால் லேண்ட் ரோவரின் டிஃபென்டர் ஸ்லோவாக்கியாவிலிருந்து கப்பலில் வருகிறது. அது உள்நாடா வெளிநாடா, மாமனாரையே கேளுங்கள்.

இன்னொன்று கேளுங்கள். சுசுகி ஜிம்னியின் ஐந்து கதவு வண்டி குருகிராமில்தான் தயாராகிறது. அது 2025 ஜனவரியில் ஜப்பானில் விற்பனைக்கு அறிவிக்கப்பட்டபோது நாலே நாளில் 50,000 பேர் முன்பதிவு செய்து, கம்பெனி ஆர்டர் வாங்குவதையே நிறுத்த வேண்டியதாகிவிட்டது. ஜப்பான்காரனுக்கு அது இம்போர்ட்டட் வண்டி! இங்கே அதே வண்டி ஷோரூமில் தள்ளுபடி போட்டும் மெதுவாகத்தான் நகர்ந்தது. ஹோண்டாவின் எலிவேட்டும் ராஜஸ்தானிலிருந்து ஜப்பான் போகிறது, அங்கே வேறு பெயரில்.

கம்பெனி யாருடையது என்பதைவிட வண்டி எங்கே பூட்டப்பட்டது, உதிரிபாகம் எங்கிருந்து வருகிறது என்ற இரண்டைத்தான் நான் பார்ப்பேன். முதலாவதைத் தெரிந்துகொள்ள ஒரு சின்ன வழி உண்டு. ஆர்.சி.யில் சேசிஸ் நம்பர் இருக்கும், 17 எழுத்து. எம்.ஏ, எம்.பி என்று ஆரம்பித்தால் இந்தியா, ஜே என்றால் ஜப்பான், எல் என்றால் சீனா. ரொம்ப விலை உயர்ந்த வண்டிகளில் மட்டும் எழுத்தை நம்பாமல் ஷோரூமில் எழுதிக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: ஃபாரின் வண்டி என்றால் தகடு கனமாக இருக்கும், கதவைச் சாத்தினால் "தொம்"மென்று சத்தம் வரும். நம் ஊர் வண்டி தகரடப்பா என்கிறார்களே?
— வாசகர், காரைக்குடி

அந்தத் "தொம்" சத்தம் தகட்டின் கனத்தால் மட்டும் வருவதில்லை. கதவு ஓரத்து ரப்பர், உள்ளே ஒட்டுகிற அதிர்வு அடக்கும் தகடு, பூட்டின் அமைப்பு எல்லாம் சேர்ந்து வருகிறது. அந்தச் சத்தத்துக்கென்றே உட்கார்ந்து வேலை செய்கிற எஞ்சினியர்கள் இருக்கிறார்கள். டிங்கரிங் செய்கிற எங்கள் அண்ணன் விரலால் தட்டிப் பார்த்தே சொல்லிவிடுவார், வெளித்தகடு பெரும்பாலும் எல்லா வண்டியிலும் மெல்லிசுதான். உயிரைக் காப்பது அதற்குள்ளே இருக்கிற கூடு. 2018 டிசம்பரில் டாடா நெக்ஸான் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கியது, இந்தியக் கம்பெனி வண்டிகளில் அதுதான் முதல். அதற்கு அப்புறம் மஹிந்திரா வாங்கியது, 2024-ல் மாருதி டிசையரே வாங்கிவிட்டது. 2023 அக்டோபரிலிருந்து நம் நாட்டுக்கென்றே பாரத் என்கேப் சோதனை இருக்கிறது. தட்டிப் பார்க்காதீர்கள், நட்சத்திரத்தைப் பாருங்கள். முன்பு ஒரே மாடலை வெளிநாட்டுக்கு ஒரு மாதிரியும் நமக்கு ஒரு மாதிரியும் ஏர்பேக் குறைத்துச் செய்த காலம் இருந்தது, அந்தக் கோபம் நியாயமானதே.

கேள்வி: சர்வீஸ் செலவு உண்மையிலேயே அவ்வளவு அதிகமா? ஏழு வருஷம் ஓடிய ஒரு இறக்குமதி செடான், புதுசாக ஒன்றே கால் கோடி, இப்போது 24 லட்சத்துக்குக் கிடைக்கிறது. அள்ளிவிடலாமா?
— வாசகர், சேலம்

ஏன் ஒன்றே கால் கோடி வண்டி 24-க்கு வருகிறது என்று ஒரு நிமிஷம் யோசித்தீர்களா?

என் பட்டறையில் நடந்ததைச் சொல்கிறேன். முழுசாக இறக்குமதியான ஒரு செடான், கம்பெனி பெயர் வேண்டாம். சிங்காநல்லூர் சிக்னலில் ரிவர்ஸ் எடுத்த டாட்டா ஏஸ் மெதுவாகத்தான் இடித்தது, பம்பரில் கீறல்கூடச் சரியாகத் தெரியவில்லை. ஆனால் இடது பக்க ஹெட்லைட்டின் பின்னால், அதைப் பாடியோடு பிடித்திருக்கும் பிளாஸ்டிக் காது ஒன்று உடைந்துவிட்டது. கட்டை விரல் நகம் அளவுதான். வெளிச்சம் எரிகிறது, கண்ணாடி உடையவில்லை, ஆனால் லைட் ஆடுகிறது, இரவில் வெளிச்சம் மரக்கிளையைக் காட்டுகிறது. காதை மட்டும் தரமாட்டார்கள், முழு ஹெட்லைட்தான் ஒரே பாகம். சர்வீஸ் சென்டரில் விலை கேட்டதும் வண்டிக்காரர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அந்தக் காசுக்கு ஓடுகிற நிலையில் ஒரு பழைய ஆல்டோ வாங்கலாம். பாகம் இருப்பில் இல்லை, வெளியூர் கிடங்கிலும் இல்லை, கப்பலில் வரணும். பதினோரு வாரம். வண்டி என் பட்டறை மூலையில் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நின்றது, பூனை ஒன்று அதன்மேல் குட்டி போட்டது, அதுதான் அந்த வண்டியால் கிடைத்த ஒரே பலன். பாகம் வருவதற்குள் எங்கள் அண்ணன் சால்டரிங் இரும்பைச் சூடாக்கி, பித்தளை வலைத்துண்டை பிளாஸ்டிக்குக்குள் புதைத்து அந்தக் காதை ஒட்டிவிட்டார். இன்று வரை அது ஆடவில்லை. புது ஹெட்லைட் பெட்டி பிரிக்காமல் வீட்டில் இருக்கிறதாம்.

இங்கேயே பூட்டுகிற வண்டி என்றால் அதே ஹெட்லைட் இரண்டு நாளில் வந்திருக்கும், மாருதியாக இருந்தால் மதியத்துக்குள். விலை ஒரு பக்கம், காத்திருப்புதான் பெரிய செலவு.

இன்சூரன்ஸ் கணக்கையும் பாருங்கள். காப்பீட்டு மதிப்புக்கான தேய்மானம் முதல் ஆறு மாதத்தில் 5 சதவீதம், ஐந்தாம் வருஷ முடிவில் 50. அதற்கு மேல் பேசி முடிவு செய்வதுதான். ஏழு வருஷ வண்டிக்கு மதிப்பு குறைந்துபோயிருக்கும், ஆனால் உதிரிபாகத்தின் விலை குறையாது, அது இன்னும் ஒன்றே கால் கோடி வண்டியின் பாகம்தான். ஏர் சஸ்பென்ஷன் ஒரு பக்கம் இறங்கினால் போச்சு, 24 லட்சம் போட்டு வாங்கி வருஷத்துக்கு இரண்டு, மூன்று லட்சம் தனியாக ஒதுக்கத் தயார் என்றால் அள்ளுங்கள். இல்லையென்றால் அதே 24 லட்சத்துக்கு இங்கே செய்த புது வண்டி, வாரண்டியோடு.

கேள்வி: வரி குறையப்போகிறது என்கிறார்களே, காத்திருக்கலாமா? டெஸ்லா வாங்கும் எண்ணம் இருக்கிறது.
— வாசகர், சென்னை

காத்திருந்தவர்களுக்கு லாபம் கிடைத்த கதை ஒன்று உண்டு, காத்திருக்காதவருக்கு வயிற்றெரிச்சல் கிடைத்ததும் அதே கதைதான். அதுவரை முழுசாகக் கப்பலில் வந்துகொண்டிருந்த ரேஞ்ச் ரோவரையும் ரேஞ்ச் ரோவர் ஸ்போர்ட்டையும் புனேயில் பூட்டப்போவதாக லேண்ட் ரோவர்காரர்கள் 2024 மே மாதம் அறிவித்தார்கள். விலை 18 முதல் 22 சதவீதம் வரை குறையும் என்றும் சொன்னார்கள். அதே வண்டி, அதே வரைபடம். ஏப்ரலில் வாங்கியவருடைய நிலைமையை நினைத்துப் பாருங்கள், ஒரு கிலோமீட்டர் ஓட்டாமல் ஷெட்டில் நிறுத்தியிருந்தாலும் அரைக் கோடி மாதிரி ஒரு தொகை காற்றில் போயிற்று. இறக்குமதி வண்டியின் மதிப்பு அதன் எஞ்சினில் இல்லை, யாரோ போடுகிற கையெழுத்தில் இருக்கிறது என்று நான் சொல்வது இதனால்தான். பிரிட்டனோடு 2025 ஜூலையில் கையெழுத்தான ஒப்பந்தத்தில், குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு உட்பட்டு, அங்கிருந்து வரும் கார்களின் சுங்கம் படிப்படியாக 10 சதவீதம் வரை இறங்கும் என்று இருக்கிறது. முதலில் பலன் கிடைப்பது பெரிய எஞ்சின் ஆடம்பர வண்டிகளுக்குத்தான். கோடிக்கு மேலே வாங்குகிறவர்கள் அவசரப்பட வேண்டாம், மற்றவர்கள் அதைச் செய்தியாகப் படித்துவிட்டு வேலையைப் பாருங்கள்.

டெஸ்லா மாடல் ஒய், 2025 ஜூலையில் மும்பையில் அறிமுகமானபோது 59.89 லட்சம். ஷாங்காயிலிருந்து வருகிறது. அமெரிக்காவில் அப்போது 45,000 டாலர் சுமார், நம் காசில் முப்பத்தெட்டு லட்சத்துச் சொச்சம். மின்சார வண்டிக்கு ஜிஎஸ்டி வெறும் 5 சதவீதம் என்பதால் வித்தியாசத்தின் பெரும்பகுதி சுங்கம். அதே சமயம் வியட்நாம் கம்பெனி வின்ஃபாஸ்ட் தூத்துக்குடியில் ஆலை போட்டு, 2025 ஆகஸ்டில் திறந்து, செப்டம்பரில் விஎஃப்7 வண்டியை 20.89 லட்சத்திலிருந்து விற்பனைக்குக் கொண்டுவந்தது. இரண்டும் ஒரே தரம் என்று சொல்லவில்லை, சாஃப்ட்வேரில் டெஸ்லாவை அது தொடாது. வின்ஃபாஸ்டின் மறுவிற்பனை விலை எப்படி இருக்கும் என்று சொல்ல இன்னும் நாலைந்து வருஷம் வேண்டும். உங்களுக்கு என் யோசனை: டெஸ்லாவைச் சர்வீஸ் செய்ய உங்கள் ஊரில் இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முன்பணம் கட்டுங்கள்.

கேள்வி: இங்கே வாங்குகிற எல்லா வாகனமும் இறக்குமதிதான். பத்து வருடம் ஓடிய வாகன்ஆரை வாங்கின விலையை விடக் கூடுதலாக விற்கிறார்கள். நீங்கள் சொல்லுகிற தேய்மானக் கணக்கு எங்களுக்குப் பொருந்துமா?
— வாசகர், யாழ்ப்பாணம்

பொருந்தாது. உங்கள் நாட்டில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தார்கள். ஐந்து வருடம் புது வண்டி வராத நாட்டில் பழைய வண்டி தங்கம் மாதிரி ஏறாமல் என்ன செய்யும், ரூபாயும் 2022-ல் விழுந்தது. இங்கே கையெழுத்து விலையைக் குறைக்கிறது, அங்கே கையெழுத்து விலையை ஏற்றியது, அவ்வளவுதான் வித்தியாசம். இப்போது கதவு திறந்திருக்கிறது, வரியும் கடுமை. ஜப்பானிலிருந்து வருகிற ரீகண்டிஷன் வண்டி என்றால் ஏலத்தாளை, அதாவது அங்கே ஏலத்தில் விற்றபோது வண்டியின் நிலைமையை எழுதிய தாளை, கையில் வாங்கி, மீட்டரில் காட்டுகிற கிலோமீட்டரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வித்து லாபம் பார்க்கிற எண்ணத்தில் மட்டும் இப்போது கடன் வாங்கி வாகனம் எடுக்காதீர்கள். அந்த ஐந்து வருடம் திரும்ப வரும் என்று எந்த விலைப்பட்டியலும் சொல்லவில்லை.

அறந்தாங்கி வாசகர் ஒருவர், துபாயில் இருக்கும் தம்பி தன் லேண்ட் குரூசரை ஊருக்குக் கொண்டுவரலாமா என்று கேட்டிருக்கிறார். முடியாது தம்பி. அங்கே ஸ்டியரிங் இடது பக்கம், இங்கே பழைய வண்டி இறக்குமதி செய்யணும் என்றால் வலது பக்கம் இருக்கணும், மூன்று வருஷத்துக்கு மேல் பழசாக இருக்கக்கூடாது, மும்பைத் துறைமுகம் வழியாகத்தான் வரணும், அதற்கு மேல் வரி வேறு. அங்கேயே நல்ல விலைக்கு விற்றுவிட்டுப் பணத்தைக் கொண்டுவரச் சொல்லுங்கள், எந்த வண்டி வாங்கலாம் என்று அடுத்த மாதம் பேசலாம்.